குடும்பத்துக்கு ஒரே மெயில்

குவைத்தில் வீட்டு வேலைக்குப் போன ஜூலியட்டின் போனை அந்த வீட்டு மேடம் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டி எட்டு மாதம் ஆகிறது. பாஸ்போர்ட் அதற்கும் முன்னாலேயே பீரோவுக்குள் போய்விட்டது. போன வாரம் இதையெல்லாம் படித்துவிட்டு உங்களில் பாதிப் பேர், "பொண்டாட்டியை அனுப்பிட்டு இவன் இங்க என்ன பண்றான்?" என்று மார்ட்டினைத் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள். அவன் தன்னைத்தானே திட்டிக்கொள்வதில் அது கால்வாசி கூட வராது.

அந்த வீட்டுப் பிள்ளைகள் கேம் விளையாடுகிற டேப்லெட், டேப் என்பார்களே, அது ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்து அவர்கள் தூங்குகிற அரைமணி நேரம்தான் ஜூலியட்டுக்குக் கிடைப்பது. நம் ஊர்க் கடிகாரத்தில் மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை.

அந்த நேரத்தில் மெயிலைத் திறந்து எழுதுவாள். யாருக்கும் அனுப்ப மாட்டாள். யாருக்கு அனுப்புவது? அவள் குடும்பத்துக்கே இருப்பது ஒரே மெயில். பாஸ்போர்ட்டுக்காக நசீமின் நெட் சென்டரில் திறந்தது. எழுதினதை டிராஃப்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுவாள். மறுநாள் மார்ட்டின் காரைக்கால் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற அந்த சென்டருக்குப் போய், அதே மெயிலைத் திறந்து படிப்பான். அதற்குக் கீழேயே பதிலும் தட்டுவான்.

திங்கட்கிழமை அவள் எழுதியிருந்தது இது.

'வெள்ளிக்கிழம எல்லாரும் கடல் பக்கம் போறாங்க. வாட்ச்மேன் தொழுவப் போவான். பத்து நிமிசம் கேட்டுல ஆள் இருக்காது. டாக்சி புடிச்சி எம்பசிக்குப் போயிடுவேன். மாதாகிட்ட வேண்டிக்கிங்க.'

இன்றைக்குப் புதன்கிழமை.

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றி வெளியே வருகிற லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுவது மார்ட்டினின் வேலை. காலை பத்து மணிக்கெல்லாம் பல்லைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாகிவிடும். மூன்றாவது லாரியின் மேல் நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது கீழே ஒரு பைக் வந்து நின்றது.

அமலன். மாமியார் சலோமியின் அக்காள் மகன், ஜூலியட்டுக்கு அண்ணன் முறை. விசா வாங்கி அவளை விமானம் ஏற்றிவிட்டவனும் இவன்தான். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை. கரி பறக்கிற இடத்துக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வருகிற ஆளை என்னவென்று சொல்வது?

"மாப்புள, கொஞ்சம் எறங்கி வாங்க."

"என்ன மச்சான் இந்தப் பக்கம்?"

"ஒண்ணுமில்ல. நம்ம ஜூலியட்டு அவசரப்படுறா போலருக்கு. ரெண்டு வருசம்னு கையெழுத்துப் போட்டுட்டு நடுவுல ஓடுனா அந்த ஊருல சும்மா உட மாட்டான். நகையக் காணும்னு ஒரு கேசப் போட்டு உள்ள வச்சிருவான். அப்புறம் நான் அங்கே யாருக்குப் பதில் சொல்றது?"

"யாரு ஓடுறா?"

அமலன் சிரித்தான். "வெள்ளிக்கிழம அந்த வாட்ச்மேன் தொழுவப் போவ மாட்டான் மாப்புள. வேற ஆளு போட்டாச்சு. அவகிட்ட சொல்லிடுங்க. நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மார்ட்டின் கயிற்றை விட்டுவிட்டுக் கீழே குதித்தான். வாட்ச்மேன், தொழுகை, வெள்ளிக்கிழமை. இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. மாமியார் சலோமியிடம்கூட மூச்சு விடவில்லை. அது இருந்தது ஒரே ஒரு இடத்தில், அந்த டிராஃப்டில்.

"நீ எப்படிடா படிச்ச அத?"

கேட்டு முடிப்பதற்குள் அவனுடைய இரண்டு கையும் வெள்ளைச் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தன. கூட வேலை செய்கிற மாரிக்கண்ணு ஓடி வந்து விலக்கினான்.

"இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காத. ஒனக்கும் எனக்கும் அந்துபோச்சு!" என்று மார்ட்டின் கத்தினது எடைமேடை வரைக்கும் கேட்டது.

அமலன் சட்டையில் பதிந்த கரி விரல்களைக் குனிந்து பார்த்தான். "சரி. நான் சின்னம்மாகிட்டயே பேசிக்கிறேன்" என்று சொல்லி பைக்கை உதைத்தான்.

மேஸ்திரியிடம் அரை நாள் லீவு கெஞ்சி வாங்கி, முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் மார்ட்டின் பஸ் ஏறினான்.

நசீமுக்கு முப்பது வயது இருக்கும். தானுண்டு தன் ஆறு கம்ப்யூட்டர் உண்டு என்று இருக்கிறவன். மார்ட்டின் மூச்சு வாங்கச் சொன்னதைக் கேட்டவன், மூன்றாம் நம்பர் மிஷின் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டினான். மெயில் எங்கெங்கே திறந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் வந்தது.

"இந்த மிஷினு ஒண்ணு. குவைத்துல ஒரு டேப்பு, அது அக்காளோடது. மூணாவதா காரைக்கால்ல ஒரு போனு காட்டுதே. ஒங்க போனாண்ணே?"

மார்ட்டின் சட்டைப் பையிலிருந்து தன் பட்டன் போனை எடுத்துக் காட்டினான். வீட்டில் இருந்த ஒரே டச் போன் ஜூலியட்டோடு குவைத்துக்குப் போய்ப் பீரோவில் கிடக்கிறது.

நசீம் நாற்காலியில் சாய்ந்து தலையில் கை வைத்துக்கொண்டான். "யா அல்லாஹ். இது என் தப்புண்ணே."

"என்ன தம்பி சொல்றீங்க?"

"குக்கீஸுன்னு ஒண்ணு இருக்கு. இந்த ஆளு யாரு, எந்த மெயிலுக்குள்ள வந்தாருன்னு மிஷின் குறிச்சி வச்சிக்கிற சீட்டுன்னு வைங்களேன். அது இருந்தா அடுத்த வாட்டி பாஸ்வேர்டு கேக்காம உள்ள விட்டுரும். கடைக்கு யாரு வந்துட்டுப் போனாலும் மொத வேலையா அத அழிச்சிடுவேன். இல்லாட்டி அடுத்து உக்கார்றவன் அவங்க மெயிலுக்குள்ள பூந்துடுவான்."

"சரி?"

"ஒங்களுத மட்டும் அழிக்கல. நீங்க ஒவ்வொரு வாட்டியும் பாஸ்வேர்டு மறந்துட்டு வேர்த்து விறுவிறுத்து நிப்பீங்க. பாக்கப் பாவமா இருந்துச்சி. நாம ஒரு ஒதவி பண்ணுவோம்னு பாஸ்வேர்டயும் மிஷின்லயே சேத்து வச்சேன்." நசீமின் குரல் உள்ளே போனது. "போன மாசம் அமலன் அண்ணன் ஏதோ விசா பேப்பர் ஸ்கேன் பண்ண வந்தாரு. மத்த மிஷின்ல ஆளு. நான்தான் மூணுல உக்காருங்கன்னு சொன்னேன். சேத்து வச்ச பாஸ்வேர்ட அங்கேருந்து பாத்து, தன் போனுலயும் போட்டுக்கிட்டாரு போல."

உதவிதான். கெடுதல் நினைத்துச் செய்ததாக இருந்தால் மார்ட்டின் இரண்டு அறை விட்டிருப்பான். உதவிக்கு என்ன செய்ய முடியும்?

"மாத்திடுவோம்ணே. புதுப் பாஸ்வேர்டு போட்டு, இங்க இருக்குற குக்கீஸெல்லாம் அழிச்சி, எல்லாரையும் வெளிய தள்ளிடுவோம். அவரு போனும் வெளிய போயிடும்."

"ஜூலியட்டு?"

அங்கேதான் இருந்தது சிக்கல். எல்லாரையும் வெளியே தள்ளினால் குவைத்து டேப்பும் வெளியே போய்விடும். புதுப் பாஸ்வேர்டு தெரிந்தால்தான் ஜூலியட் திரும்ப உள்ளே வர முடியும். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது? டிராஃப்டில் எழுதினால் அமலனும் படிப்பான். எழுதாமல் மாற்றினால், வெள்ளிக்கிழமை ஓடாதே என்று அவளுக்குச் சொல்ல வழியே இல்லை. கேட்டுக்குப் போவாள், புது வாட்ச்மேன் பிடித்துக்கொள்வான். அப்புறம் நகைத் திருட்டு, ஜெயில்.

"அவங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது ஒண்ணு வைக்கணும்" என்றான் நசீம். "டிராஃப்டுல குறிப்பு மட்டும் குடுப்போம். புள்ள பேரு, கோவில் பேரு, கல்யாண நாளெல்லாம் வேணாம். சொந்தக்காரரு, மொதல்ல அதத்தான் போட்டுப் பாப்பாரு."

மார்ட்டின் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு நசீமுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு நாளு இருக்கு" என்றான். "பொண்ணு ஜோவிதாவுக்கு முன்னாடி ஒரு பையன் பொறந்தான். பொறந்த அன்னிக்கே போயிட்டான். ஊருக்கெல்லாம் ஏழாம் மாசத்துல தவறிப்போச்சுன்னு மட்டும்தான் சொன்னோம். நாளு தெரிஞ்சது நான், ஜூலியட்டு, எங்க அத்த. மூணு பேருதான்."

"அக்காளுக்கு நல்லா ஞாபகம் இருக்கும்ல? நாலஞ்சு வாட்டி தப்பாப் போட்டா உள்ள உடாது. பழைய போனு நம்பருக்கு ஓடிபி அனுப்பிக் கேக்கும்."

"அந்த சிம்மு அவங்க பீரோவுல இருக்கு தம்பி."

"அப்ப தப்பாச்சுன்னா அத்தோட முடிஞ்சிதுண்ணே."

"பெத்தவ மறப்பாளா?" என்றான் மார்ட்டின்.

சரியாக ஐந்து மணிக்கு டிராஃப்டில் இதைத் தட்டினார்கள்.

'நாம எழுதுறத வேற ஒருத்தன் படிக்கிறான். வெள்ளிக்கிழமை கேட்டுப் பக்கம் போவாத, போவாத. இப்ப பாஸ்வேர்ட மாத்துறேன். ஜோவிதாவுக்கு முன்னாடி வந்தவன் போன நாளு. தேதி, மாசம், வருசம், எட்டு நம்பரு. படிச்சிட்டா சரின்னு போடு.'

நசீம் பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தான். ஐந்து ஏழுக்குக் கீழே ஒரு சொல் முளைத்தது.

'சரி.'

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான் நசீம். பாஸ்வேர்டு இடத்தில் மார்ட்டின் ஒற்றை விரலால் தட்டினான். பதினாலு, ஆறாம் மாசம், இரண்டாயிரத்துப் பதினெட்டு. பிறகு நசீம் இன்னொரு பக்கத்தைத் திறந்தான். குக்கீகளை அழிக்கவா, எத்தனை நாளைக்குள்ளதை, என்று கேட்டது. ஆரம்பத்திலிருந்து எல்லாவற்றையும் என்று தேர்ந்தெடுத்துவிட்டு நகர்ந்துகொண்டான்.

"நீங்களே அழுத்துங்கண்ணே."

மார்ட்டின் அழுத்தினான். மாதக்கணக்காகக் கேள்வி கேட்காமல் உள்ளே விட்ட மிஷின், நீ யார் என்று கேட்டது. புதுப் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போனார்கள். பட்டியலில் அமலனின் போன் இல்லை. குவைத்து டேப்பும் இல்லை. மூன்றாம் நம்பர் மிஷின் மட்டும் இருந்தது.

இனி அவள் வர வேண்டும்.

ஐந்து பன்னிரண்டு. ஐந்து பதினாலு. வரவில்லை.

வந்தது சலோமி. விழிதியூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறாள். சென்டரின் கண்ணாடிக் கதவைத் தள்ளின வேகத்தில் வாசலில் இருந்த ஸ்டூல் சாய்ந்தது.

"என்ன மாப்புள, அமலன் சட்டையப் புடிச்சீங்களாமே? நாலு பேரு பாக்க? அவன் வந்து எங்கிட்ட அழுவாத கொறையா சொல்லிட்டுப் போறான். எம்மவளுக்கு அந்த ஊருல இருக்குற ஒரே ஆதரவு அவன்தான். அதையும் கெடுத்தாச்சா?"

"அத்தே, கொஞ்சம் உக்காருங்க."

"நான் உக்கார வரல!"

ஆனால் உட்கார்ந்தாள். மார்ட்டின் சொல்லச் சொல்ல அவள் கோபம் இறங்கி முகம் வெளிறிப்போனது. அக்காள் மகன், தூக்கி வளர்த்த பிள்ளை. நம்ப முடியாமல் நசீமைப் பார்த்தாள். அவன் தலையாட்டினான்.

"பாவி" என்றாள் சலோமி. அப்புறம் சட்டென்று, "இப்ப அவ எப்படி உள்ள வருவா?"

"நம்ம பையன் போன நாள வச்சிருக்கேன் அத்தே. ஜூன் பதினாலு."

சலோமியின் கை புடவைத் தலைப்பைத் தேடி வாயைப் பொத்தியது.

"ஐயோ மாப்புள. அவளுக்கு அது பதினஞ்சு."

"என்ன பதினஞ்சு?"

"நான் பொய் சொல்லிட்டேன்யா."

அந்தக் குழந்தை அழவே இல்லை. ஆபரேஷன் அறையிலேயே போய்விட்டான். துண்டில் சுற்றிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய், அன்று சாயங்காலமே கல்லறைத் தோட்டத்து மூலையில் மார்ட்டின் புதைத்துவிட்டு வந்தான். ஜூலியட்டுக்கு மயக்கம் தெளிய ராத்திரி ஆனது. கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி ஊத்துனீங்களாம்மா?"

பிழைக்காது என்று தெரிந்த பிள்ளைக்குச் சாமியார் வரும்வரை காத்திருக்க மாட்டார்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் யாரானாலும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துப் பெயர் வைத்துவிடுவார்கள். சலோமி டம்ளரில் தண்ணீரோடுதான் அறை வாசலில் நின்றிருந்தாள். யாரும் அவளை உள்ளே கூப்பிடவில்லை.

"ஊத்திட்டேன்டி, சூசைன்னு பேரு வச்சிட்டேன்னு சொன்னேன். கண்ணாடிப் பொட்டியில வச்சிருக்காங்கன்னேன். மறுநா காலையிலதான், விடியக்காத்தால போயிட்டான்னு சொன்னேன். வேற என்ன மாப்புள சொல்லுவேன்? வயித்தக் கிழிச்சிக் கெடக்குற புள்ளகிட்ட, ஒம்புள்ள ஞானஸ்நானம் இல்லாமப் போயிட்டான்னு சொல்லவா? சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணும்போதுகூட இத நான் சொன்னதில்ல."

ஏழு வருடம். புருஷனும் பெண்டாட்டியும் அந்த நாளைப் பற்றி ஒருவார்த்தை பேசிக்கொண்டதில்லை. கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி வைத்துவிட்டுத் திரும்பி வருவார்கள், அவ்வளவுதான். பேசியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். மார்ட்டினுக்கு மாமியார் மேல் ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தைக் கொட்ட நேரம் இல்லை என்பது அதைவிட ஆத்திரமாக இருந்தது.

"அப்ப அக்கா பதினஞ்சப் போட்டுப் போட்டுப் பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்று நசீம் பதறினான். "அண்ணே, பூட்டிக்கிறதுக்குள்ள மாத்துங்க. சீக்கிரம்!"

ஐந்து இருபத்தொன்று. பாஸ்வேர்டு மாற்றுகிற பக்கம் திறந்தது. மார்ட்டின் தட்டத் தொடங்கினான். ஒன்று. ஐந்து.

"நில்லுங்க!" நசீம் அவன் மணிக்கட்டைப் பிடித்தான். "நில்லுங்கண்ணே. அங்க பாருங்க."

பக்கத்தில் திறந்து வைத்திருந்த பட்டியலில் இரண்டாவதாக ஒரு வரி வந்திருந்தது. டேப். குவைத். இப்போதுதான்.

"வந்துட்டாளா?" சலோமி எழுந்தேவிட்டாள். "உள்ள வந்துட்டாளா? எந்த நாளப் போட்டா?"

பதினாலைப் போட்டால்தான் திறக்கும்.

டிராஃப்டில் எழுத்துகள் வந்திருந்தன. மார்ட்டினுக்குக் கண் மறைத்தது. நசீம்தான் வாய்விட்டுப் படித்தான். முழுவதையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் படித்திருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு அது தோன்றவில்லை.

"'நீங்க பதினாலுதான் போட்டிருப்பீங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க, அவங்க சொன்னத நான் நம்புறேன்னே நெனச்சிக்கட்டும். பொட்டியில இருக்கான்னாங்க. ராத்திரி பூரா ஒரு நர்சம்மாகூட பால் குடுன்னு வந்து கேக்கல. அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு.'"

படித்து முடித்த பிறகுதான் நசீம் திரும்பிப் பார்த்தான்.

சலோமி அழவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழு வருடமாக மகளுக்கு அவள் மறைத்து வைத்ததை, அதே ஏழு வருடமாக மகள் அவளுக்கு மறைத்து வைத்திருக்கிறாள்.

"இன்னும் வருது" என்றான் மார்ட்டின். மூன்று பேரும் மிஷினை நோக்கிக் குனிந்து வாய்க்குள்ளேயே படித்தார்கள்.

'வெள்ளிக்கிழம வரைக்கும் நான் இங்க இல்ல. இன்னிக்கி சாயங்காலமே என்னை வேற வீட்டுக்கு மாத்துறாங்க. துணிய மூட்ட கட்டச் சொல்லிட்டாங்க. டேப்பு இங்கதான் இருக்கும், இனிமே எழுத முடியாது. எந்த ஊரு, எந்த வீடுன்னு மேடம் சொல்லல. எல்லாம் அமலன் அண்ணன் ஏற்பாடாம், அவருக்குத்தான் தெரியும். அண்ணன்கிட்ட கேட்டு வச்சிக்கிங்க. அவரப் பகச்சிக்காதீங்க. அவர உட்டா நான் இருக்குற எடத்தச் சொல்ல ஆளு இல்ல. பாப்பாவ'

அத்தோடு நின்றுவிட்டது. நசீம் பக்கத்தைப் புதுப்பித்தான். திரும்பவும் புதுப்பித்தான். மணி ஐந்தரை தாண்டியும் அதற்குமேல் ஓர் எழுத்து வரவில்லை.

மார்ட்டின் தன் கைகளைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் கரி இருந்தது. "சட்டையப் புடிச்சிட்டனே" என்றான். "நாலு பேரு முன்னாடி அந்துபோச்சுன்னு சொல்லிட்டனே. எனக்கு அவன் சொல்லுவானா?"

"ஒங்களுக்குச் சொல்ல மாட்டான்" என்றாள் சலோமி. முந்தானையை இழுத்துச் செருகினாள். "நெடுங்காட்டுக்கு இப்ப பஸ்ஸு இருக்கா தம்பி?"

"ஆறே காலுக்கு ஒண்ணு இருக்கும்மா."

"அத்தே, எங்க போறீங்க?"

"அமலன் வீட்டுக்கு. நான் அவன் பக்கம்னுதான இன்னும் நெனச்சிட்டிருக்கான்? ஒங்கள வாய்க்கு வந்தபடி திட்டுறேன். எம்மவளுக்கு ஒன்னைத் தவிர யாருடான்னு அவன் கால்ல விழுறேன். விலாசம் வாங்காம திரும்ப மாட்டேன்."

"அவன் லேசுப்பட்டவன் இல்ல அத்தே. நீங்க நடிக்கிறது தெரிஞ்சா ஜூலியட்ட இன்னும் தூரமாக் கொண்டுபோயிடுவான்."

கதவைத் திறந்த சலோமி நின்றாள். திரும்பி மருமகனைப் பார்க்கவில்லை.

"ஏழு வருசமா ஒரே ஒரு பொய் சொன்னேன் மாப்புள. அத எம்மவ ஒரு ராத்திரிகூட நம்பல. இத அவன் நம்பணும்."